தலைப்புப் பக்கத்தில் இல்லாத பெயர்கள்

ஞாயிறு திருப்பலி முடிந்து சம்பாக் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துவந்து என்முன் நிறுத்தினார். "நீங்களே இவனுக்குச் சொல்லுங்கள் ஐயா. பொறியியலில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. இவனோ சமூகவியல்தான் படிப்பேன் என்கிறான். அதைப் படித்துவிட்டு என்ன செய்வான்?" என்றார். மகன் மறுமொழி கூறவில்லை. செருப்பின் நுனியால் மணலைக் கீறியபடி நின்றான்.

அத்தாயின் கவலை நியாயமானது. அதற்கு உலகியல் முறையில் விடையிறுப்பதும் அரிதன்று. இளங்கலைக்குப் பின் இரண்டாண்டு முதுகலை; பின்னர் தேசியத் தகுதித் தேர்வு; அதன்பின் முனைவர் பட்டத்திற்கு மூன்று முதல் ஆறாண்டு வரை உழைப்பு. ஆசிரியப் பணி உண்டு. ஆய்வு நிறுவனங்கள் உண்டு. 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் மானிடவியலும் கற்பிக்கப்படுகின்றன. 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்கே சமூக அறிவியலுக்கென்று தனித்துறையே இருக்கிறது. சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஊதியம் தாமதமாக வரும்; ஆயினும் வரும். இவ்வளவையும் அத்தாயிடம் கூறினேன். அவர் முகம் ஓரளவு தெளிந்தது.

ஆனால் அந்த இளைஞனுக்குக் கூற வேண்டியது வேறொன்று இருந்தது. வேலை கிடைக்குமா என்பது தாயின் வினா. அந்த வேலை எத்தகையது, அதைச் செய்பவனிடம் அது எதைக் கேட்கும் என்பது மகனுடைய வினாவாக இருந்திருக்க வேண்டும். அதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊரோடு தொடர்புடைய மூன்று நூல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும். அவற்றுள் முதலாவது, நம் திருச்சபையின் பணியாளர் ஒருவரால் எழுதப்பட்டது; அல்லது, எழுதப்பட்டதாக நெடுங்காலம் நம்பப்பட்டது.

புகழ்பெற்ற ஒரு நூல்

அபே துபுவா பிரான்சு நாட்டின் தென்பகுதியிலிருந்து வந்தவர். புரட்சியின் கொந்தளிப்பு நிறைந்த 1792-ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலை பெற்று, பாரிஸ் வேதபோதக சபையின் சார்பில் அதே ஆண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். புதுச்சேரி மிஷனில் தம் பணியைத் தொடங்கிய அவர், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டுக்குச் சென்று, சிதறிக்கிடந்த கத்தோலிக்க மக்களை ஒன்றுசேர்த்தார். பெரியம்மைத் தடுப்பு முறையை அம்மக்களிடையே பரப்ப அவர் உழைத்தது மறக்கத்தக்கதன்று. முப்பதாண்டுகளுக்குமேல் இந்நாட்டில் வாழ்ந்து, 1823-இல் தாயகம் திரும்பி, 1848-இல் பாரிஸில் மறைந்தார்.

இந்திய மக்களின் ஒழுகலாறுகள், வழக்கங்கள், சடங்குகள் பற்றிய அவருடைய கையெழுத்துப் படியைச் சென்னையில் ஆண்ட ஆங்கிலக் கம்பெனி அரசு 1807-இல் 2000 வராகன் கொடுத்து வாங்கிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 1816-இல் லண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் திருத்தி விரித்த பிரெஞ்சுப் பதிப்பு 1825-இல் வந்தது. ஹென்றி பீச்சம் செய்த ஆங்கிலப் பதிப்பு 1897-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாகி, இன்றளவும் திரும்பத் திரும்ப அச்சிடப்படுகிறது.

நூல் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி இந்தியச் சமுதாயத்தையும் சாதி அமைப்பையும் பொதுவாக விளக்குவது. இரண்டாம் பகுதி பிராமணரின் வாழ்க்கை நிலைகள் நான்கையும் கூறுவது. மூன்றாம் பகுதி சமயம் பற்றியது. ஆசிரியர் தம் முன்னுரையில், மக்களின் உடையையும் வாழ்க்கை முறையையும் தாமும் மேற்கொண்டு அவர்களோடு நெருங்கிப் பழகியதை எடுத்துரைக்கிறார். படிப்பவர் அந்தச் சான்றாண்மையை நம்புகிறார். ஒரு வீட்டின் உட்புறத்தில் நடக்கும் சடங்கை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும்.

உள்ளே இருந்த மற்றொருவர்

1987-இல் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர் இரண்டு தொகுதிகளாக ஓர் ஆய்வை வெளியிட்டார். தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி அதனைப் பதிப்பித்தது. லண்டனில் இருந்த பழைய இந்திய அலுவலக நூலகத்தில் அவர் கண்டெடுத்த ஒரு கையெழுத்துப் படியே அதற்கு அடிப்படை. 1777-ஐச் சேர்ந்த அப்படி, தெவோ என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரியின் கைவழியாக வந்தது. மூல ஆசிரியரோ இயேசு சபைத் தந்தை கேர்தூ. துபுவாவின் நூலையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்த்த மூர், புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதிக்கு அடித்தளம் தந்தை கேர்தூவின் எழுத்தே என்பதை நிறுவினார். துபுவா தாமே கண்டவற்றையும் சேர்த்திருக்கிறார் என்பது மெய். ஆனால் எவருடைய படியின்மேல் தாம் கட்டினார் என்பதை அவர் எங்கும் கூறவில்லை.

தந்தை கேர்தூ 1691-இல் பூர்ஜ் நகரில் பிறந்தவர். 1732-இல் இந்தியா வந்து, தெலுங்கும் வடமொழியும் கற்று, 1779-இல் புதுச்சேரியில் இறந்தார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1773-இல், திருத்தந்தையின் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டிருந்தது. தம் சபை உலகில் இல்லை என்னும் நிலையிலேதான் அம்முதியவர் கண் மூடினார். வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை அவர் 1767-இல் பாரிஸ் அறிஞர் கழகத்துக்கு எழுதினார். அது அச்சேறியது 1808-இல். இடையில், 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதே உறவைப் பற்றிப் பேசிவிட்டார். வரலாறு ஜோன்சின் பெயரையே நினைவிற்கொண்டது. ஆக, இம்முதியவர் இருமுறை பெயர் இழந்தார்: மொழியியலில் காலத் தாழ்ச்சியால், சமூக ஆய்வில், தம்முடைய மிஷனைப் பின்னர் ஏற்றுக்கொண்ட சபையின் குரு ஒருவரால்.

துபுவாவுக்காகக் கூற வேண்டியதையும் கூறிவிட வேண்டும். அக்காலத்தில் ஒரு மிஷனின் எழுத்துகள் அம்மிஷனில் பணிபுரிவோர் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகக் கருதப்பட்டிருக்கலாம். சபை கலைந்தபின் கேட்பாரின்றிக் கிடந்த படிகள் அழியாமல் உலகுக்குக் கிடைத்ததே நன்று என்று வாதிடுவோரும் உளர். நூலாசிரியர் உரிமை பற்றிய இன்றைய சட்டத்தைக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் தீர்ப்பளிப்பது முறையன்று. எனவே களவு என்ற சொல்லை இங்கே நான் பயன்படுத்தவில்லை. என் மனக்குறை வேறு.

பெயர் மறைந்தால் எது மறைகிறது?

ஒரு கதையின் ஆசிரியர் பெயர் மறைந்தாலும் கதை கெடுவதில்லை. நம் நாட்டுப்புறப் பாடல்களை ஆக்கியவர் யார் என்று நமக்குத் தெரியாது, பாடல்கள் வாழ்கின்றன. ஆனால் 'இவ்வூர் மக்கள் இவ்வாறு செய்கிறார்கள்' என்று கூறும் எழுத்து அத்தகையதன்று. யார் கண்டார், எப்போது கண்டார், எங்கே கண்டார், யாரிடம் கேட்டார் என்னும் நான்கும் அதன் உறுப்புகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அச்செய்தி ஊனமுற்றதாகிறது.

துபுவாவின் நூலில் நிகழ்ந்தது இதுவே. ஒரு தலைமுறைக்கு முன், மற்றொருவர், தெலுங்கு வழங்கிய பகுதிகளில் பல்லாண்டு பழகித் திரட்டிய செய்திகள், 1806-ஐ ஒட்டிய மைசூர்க் குருவின் சொந்த அறிவாகப் படிப்பவர்முன் வந்தன. இடமும் காலமும் கலந்துபோயின. ஓரிடத்து வழக்கம் இந்திய வழக்கமாயிற்று. ஒரு காலத்து வழக்கம் என்றுமுள்ள வழக்கமாயிற்று. 'இந்துக்கள் மாறாதவர்கள்' என்ற எண்ணம் ஐரோப்பியர் உள்ளத்தில் வேரூன்றியதற்குப் பல காரணங்கள் உண்டு. தேதியில்லாத இத்தகைய எழுத்துகளும் அவற்றுள் ஒன்று.

அடுத்து, இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பது. அதைப் பொன் கொடுத்து வாங்கியது ஆளும் கம்பெனி. மக்களைத் தெரிந்துகொண்டால் அவர்களை ஆள்வது எளிது என்பதே அந்த விலையின் பொருள். தாவீது அரசர் தம் மக்களை எண்ணுவித்த நிகழ்ச்சி நம் விவிலிய வாசகர்களுக்குப் பழக்கமானது. எண்ணிக்கை முடிந்ததும் அவருடைய நெஞ்சே அவரைக் குத்திற்று. எண்ணுவதில் என்ன பாவம் என்று இளமையில் நான் வியந்ததுண்டு. தமக்குக் கணக்கொப்புவிக்க வேண்டிய உடைமையாக மக்களைக் கருதியதே பாவம் என்று இப்போது கருதுகிறேன். வினாத்தாளுடன் வீடு வீடாகச் செல்லும் இன்றைய ஆய்வாளனும் இதே இடறலின் அருகில்தான் நடக்கிறான். நிதி கொடுத்த அலுவலகத்துக்கு அறிக்கை சேர்ந்துவிடுகிறது. விடை கூறிய தெருவுக்கு அதன் ஒரு பக்கமும் திரும்பி வருவதில்லை.

இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தால், தந்தை கேர்தூவுக்குப் பின்னாலும் ஆட்கள் நிற்கிறார்கள். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் முறை பற்றி அவர் 1742-இல் எழுதிய கடிதம் ஐரோப்பியத் தொழில் வரலாற்றில் பெயர்பெற்றது. புதிதாகத் திருமறையைத் தழுவிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தே அதை எழுதியதாக அவரே கூறுகிறார். அந்தக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் நுட்பம் ஒரு குருவானவரின் பெயரோடு கடல் கடந்தது. துபுவாவின் பெயருக்குள் கேர்தூ மறைந்தார்; கேர்தூவின் பெயருக்குள் சாயக்காரர்கள் மறைந்தார்கள். முன்னவருக்கு இருநூறாண்டுக்குப் பின் ஒரு சில்வியா மூர் கிடைத்தார். பின்னவர்களுக்கு எவரும் இலர்.

நாளும் பேரும் எழுதியவர்

இதே ஊரில், இதே நூற்றாண்டில், சமூக ஆய்வாளன் என்று தம்மை ஒருபோதும் எண்ணாத ஒரு தமிழர் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேயின் துபாஷி. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு ஆள்வோருக்காக எழுதப்பட்டதன்று. நாள் தவறாமல் குறிக்கிறார்; இன்னார் வந்து இன்னது சொன்னார் என்று எழுதுகிறார்; தமக்குக் கிடைத்த மரியாதையையும் மறவாமல் எழுதுகிறார்! அவருக்குச் சாய்வுகள் பல உண்டு. வணிகர், அதிகாரத்தின் அருகில் இருந்தவர். ஆனால் அச்சாய்வுகள் எழுத்தின் மேற்பரப்பிலேயே தெரிகின்றன. அதனால் நாம் அவற்றைக் கழித்துப் படிக்க முடிகிறது.

அவருடைய ஏடுகளில் நாம் படிக்கத் தயங்கும் பக்கங்களும் உள்ளன. நம் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்ததும், அம்மக்கள் முறையிட்டபின் 1745-இல் அச்சுவர் இடிக்கப்பட்டதும், உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்ததும் அவருடைய குறிப்பால் தெரிகின்றன. 1748-இல் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டபோது நடந்தவற்றையும் எழுதுகிறார். இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தவராக அவர் பெயர் சொல்லிக் குறிப்பவர் தந்தை கேர்தூ.

இதை எழுதும்போது என் கை சற்று நின்றது. இந்நாட்டு மக்களின் வழக்கங்களை அவ்வளவு பொறுமையாகக் கேட்டெழுதிய அதே மனிதரா? பிள்ளையவர்களின் குறிப்பை ஏற்போமானால், ஆம். நுண்ணறிவு மட்டுமே அன்பாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஒரு மக்களின் சடங்குகளை முழுமையாக அறிந்திருந்தும் அவர்கள் கண்ணீரை அறியாமல் இருக்க முடியும். சமூக அறிவியலைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. நாமும் இதை மறைக்கத் தேவையில்லை. நம் சொந்த வீட்டுக் குறிப்பேட்டை நேர்மையாகப் படிக்க இயலாதவர்கள் பிறர் வீட்டுக் குறிப்பேட்டைப் படிக்க உரிமையற்றவர்கள்.

முதலில் நின்ற பெயர்

மூன்றாம் நூல் நம் காலத்தது. 1995-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியிலும், 1997-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்த வீரம்மா என்னும் தலித் பெண்மணியின் வாழ்க்கை வரலாறு அது. அவர் கூலி வேலை செய்தவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், ஊரறிந்த பாடகி. தமிழரான இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீன் பத்தாண்டுக் காலம் அவரிடம் சென்று, அவர் தமிழில் பேசியதை ஒலிப்பதிவு செய்தார். ஜோசியானும் அவர் கணவர் ழான்-லுக் ரசீனும் அதனை நூலாக்கினர். பிரெஞ்சுப் பதிப்பின் துணைத்தலைப்பில் அடிமைப்பட்டோரின் சிரிப்பு பேசப்படுகிறது. படித்தவர்களுக்கு அச்சிரிப்பின் பொருள் விளங்கும்.

இந்நூலின் தலைப்புப் பக்கத்தில் மூன்று பெயர்கள் உள்ளன. முதற்பெயர் வீரம்மா. இதைப் பெருந்தன்மையின் அடையாளமாக மட்டும் காண்பது போதாது. துபுவாவின் நூலில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். அங்கே அம்மக்கள் மேல் இரக்கமும் உண்டு, இழிவான மதிப்பீடும் உண்டு. ஆனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. இங்கே வீரம்மா பேசுகிறார். திருமணம், மகப்பேறு, பிள்ளைகளின் சாவு, பண்ணையார் வீடு, பேய், தெய்வம், வேடிக்கை எல்லாவற்றையும் பேசுகிறார். தம் நிலையை விதியென்று ஏற்றுக்கொள்ளும் குரலும் அதில் இருக்கிறது. அதை ஏற்க மறுக்கும் அடுத்த தலைமுறையின் குரலும் அவர் பேச்சினூடே கேட்கிறது. ஆய்வாளர் எழுதியிருந்தால் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்திருப்பார். சொந்த வாழ்வைச் சொல்பவருக்கு அத்தேவை இல்லை.

இந்நூலிலும் குறை இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் நடந்த உரையாடல் ஒரே தொடர்ச்சியான தன்வரலாறாக அடுக்கப்பட்டிருக்கிறது; அடுக்கிய கை அவருடையதன்று. கேட்டவர் வினவிய வினாக்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எந்த வினாவுக்கு எந்த விடை என்பது தெரியாதபோது, விடையின் எடையும் முழுமையாகத் தெரிவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழில் பேசப்பட்டது முதலில் பிரெஞ்சில் அச்சேறியது. வீரம்மாவின் ஊரார் கேட்டறிந்திருக்கக்கூடிய சொற்கள் பாரிஸ் வாசகரை முதலில் சென்றடைந்தன. தாவீதின் கணக்கெடுப்பைப் பற்றிக் கூறிய அச்சம் இங்கும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும், 1816-க்கும் 1995-க்கும் இடையில் ஒரு பெயர் தலைப்புப் பக்கத்துக்கு ஏறி வந்திருக்கிறது. சமூக அறிவியலின் வளர்ச்சியைக் கோட்பாடுகளின் எண்ணிக்கையால் அளப்போர் அளக்கட்டும். நான் இந்த ஓர் ஏற்றத்தால் அளக்கிறேன்.

இளைஞனுக்கு

சமூக அறிவியல் என்பது கடன்பட்டவரின் தொழில். மருத்துவர் தம் மருந்தைக் கொடுக்கிறார்; பொறியாளர் தம் கணக்கைக் கொடுக்கிறார்; சமூக ஆய்வாளரோ முதலில் வாங்கிக்கொள்கிறார். ஒரு கிழவியின் நினைவை, ஒரு மீனவரின் கணிப்பை, ஒரு குடும்பத்தின் வெட்கத்தை வாங்கிக்கொள்கிறார். வாங்கியதை யாரிடம் வாங்கினோம் என்று சொல்வது முதற்கடமை. அவர் பெயரைக் காக்க வேண்டியிருந்தால் மறைத்தாவது, இன்ன ஊர், இன்ன காலம், இன்ன நிலையினர் என்று சொல்வது. அவர்களுக்கு விளங்கும் மொழியில் அதைத் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது. இவ்விரண்டும் இல்லாத புலமை, தந்தை கேர்தூவின் புலமையைப்போல் ஆழமாகவும் துபுவாவின் நடையைப்போல் இனிமையாகவும் இருக்கலாம். ஆனால் கடன் தீராது.

அத்தாயும் மகனும் பின்னர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன் சமூகவியலில் சேர்ந்துவிட்டான். முதலாண்டிலேயே ஒரு சிறு களப்பணி கொடுத்திருக்கிறார்கள். தன் தெருவிலுள்ள மூத்தவர்களிடம் 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நாள்களைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டுமாம். எழுதிய தாள்களைக் காட்டினான். எழுத்துப் பிழைகள் மிகுதி, நடை தடுமாறுகிறது. ஆனால் ஒவ்வொரு தாளின் மேலும் பேசியவரின் பெயர், வயது, அவர் அமர்ந்து பேசிய திண்ணை, நாள், நேரம் எல்லாம் இருந்தன. "படித்துக் காட்டினாயா?" என்று கேட்டேன். "ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினேன் ஐயா. இரண்டு இடத்தில் தவறு என்று திருத்தச் சொன்னார்" என்றான்.

திருத்தியிருந்தான். திருத்தத்தின் ஓரத்தில் அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதியிருந்தான்.